சிறார் நன்னடத்தை அலுவலர் பணியும் இளம் தோழர்களும்

(சட்டக் கல்லூரி மாணவர்கள், இளைஞர் அரங்கத் தோழர்கள் ஆகியோருக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சட்டப் படிப்பை முடிக்கும் இளம் தோழர்களிடம் அடுத்து என்ன என்று வினவினால், வழக்கறிஞர் தொழில், நீதித்துறைத் தேர்வு, தொழிற்சங்க வழக்குகள் என்ற விடைகளே பெரும்பாலும் வருகின்றன. சமூகப்பணி படித்தவர்கள் தொண்டு நிறுவனங்களை நோக்கிச் செல்கின்றனர். நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருந்தாக வேண்டிய ஒரு பணியிடத்தை எவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. சிறார் நன்னடத்தை அலுவலர் என்பதே அப்பணியிடம். காவல்துறையால் பிடிக்கப்பட்ட ஒரு சிறுவன் வீடு திரும்புவானா, கூர்நோக்கு இல்லத்தில் அடைபடுவானா என்பதை முடிவு செய்யும் எழுத்து இந்த அலுவலரின் கையிலிருந்துதான் பிறக்கிறது. பிடிபடுகிறவர்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தப் பணி இடதுசாரி இயக்கத்தின் கவனத்துக்கு வெளியே இருப்பது வியப்புக்குரியது.

யாருடைய பிள்ளைகள் என்பதற்கு அரசின் புள்ளிவிவரமே ஒரு காலத்தில் விடை தந்தது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கையின்படி, பிடிக்கப்பட்ட சிறாரில் சரிபாதியினர் ஆண்டு வருமானம் 25,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அண்மைய அறிக்கைகளில் இந்த வருமான அட்டவணையே இல்லை. அட்டவணை மறைந்ததால் வறுமை மறைந்துவிடவில்லை. பெரும்பாலான சிறார் பெற்றோருடன் வாழ்பவர்கள் என்ற விவரம் மட்டும் இப்போதும் வெளிவருகிறது. 'தெருவில் திரியும் அனாதைகள்தான் திருடுகிறார்கள்' என்ற நடுத்தர வர்க்கக் கற்பனைக்கு அது ஒன்றே போதுமான மறுப்பு. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான ஏறத்தாழ 58 லட்சம் குற்ற வழக்குகளில் சிறார் மீதானவை 30,555. இருநூறில் ஒன்றுதான். தொலைக்காட்சி விவாதங்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த விகிதம் நம்பமுடியாததாகத் தோன்றலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 என்பதே இப்போதைய சட்டம். பிடிக்கப்பட்ட சிறுவனை எந்நிலையிலும் காவல்நிலைய அடைப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் கொண்டது அக்குழுமம்; அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். சிறுவன் முதன்முதலாக நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கையை அளிக்க வேண்டும். குடும்பம், வருவாய், குடியிருப்பு, பள்ளி, வேலை, நண்பர்கள், பழக்கவழக்கம், உடல்நிலை, மனநிலை ஆகிய அனைத்தையும் நேரில் சென்று அறிந்து எழுதவேண்டிய அறிக்கை அது. அதன் இறுதிப் பகுதியில் சிக்கலுக்குக் காரணம் எது என்றும், மறுவாழ்வுக்குப் பரிந்துரை என்ன என்றும் அலுவலரே எழுத வேண்டும்.

காவல்துறையின் குற்றப்பத்திரிகை 'என்ன நடந்தது' என்று மட்டுமே சொல்லும். 'ஏன் நடந்தது' என்று எழுதுமாறு சட்டமே ஓர் அரசு அலுவலருக்குக் கட்டளையிடும் இடம் இந்திய நீதி அமைப்பில் வேறு எங்கேனும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். அரிதாகவே கிடைக்கும்.

ஒரே உண்மை, இரண்டு அறிக்கைகள்

எடுத்துக்காட்டுக்காக ஒரு நிலையைப் புனைந்து பார்க்கலாம். தில்லியின் வசீர்பூர் தொழிற்பேட்டை. எஃகுத் தகடுகளை அமிலத்தில் தோய்த்து மெருகேற்றும் சிறு பட்டறைகள் நிறைந்த பகுதி. பீகாரிலிருந்து வந்த குடும்பம். 16 வயதுச் சிறுவன் பட்டறையில் வேலை செய்கிறான். செப்புக் கம்பிச் சுருளைத் திருடிவிட்டான் என்று பட்டறை உரிமையாளர் புகார் தருகிறார். காவல்துறையினர் அவன் வயதை 19 என்று எழுதிக்கொள்கின்றனர்.

அலுவலர் அந்தக் குடியிருப்புக்குப் போகிறார். அல்லது போகாமலேயே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு எழுதுகிறார்: 'தந்தை குடிப்பழக்கம் உடையவர். தாய் பகல் முழுவதும் வீட்டில் இருப்பதில்லை. மேற்பார்வையற்ற குடும்பம். சிறுவன் எட்டாம் வகுப்போடு படிப்பைக் கைவிட்டவன். அக்கம்பக்கம் சமூக விரோதிகள் நடமாட்டம் உள்ள பகுதி.' இவற்றுள் ஒரு வாக்கியமும் பொய்யன்று. ஆயினும் இந்த அறிக்கையால் அச்சிறுவன் மாதக்கணக்கில் அடைபடுவான். ஏனெனில் சட்டத்தின் 12ஆம் பிரிவு, குற்றம் எத்தகையதாயினும் சிறுவனைப் பிணையில் விடுவதையே பொது விதியாக வைத்திருக்கிறது. ஆனால் விடுவித்தால் அறியப்பட்ட குற்றவாளிகளின் சேர்க்கைக்கு ஆளாவான், ஒழுக்க, உடல், உளவியல் ஆபத்துக்கு உள்ளாவான், அல்லது நீதியின் நோக்கம் தோற்றுவிடும் என்று கருத நியாயமான காரணம் இருந்தால் பிணையை மறுக்கலாம் என்றும் சொல்கிறது. சேரியில் பிறந்ததே ஒழுக்க ஆபத்து என்று எழுதிவிட்டால் பொது விதி கவிழ்ந்து விதிவிலக்கே விதியாகிவிடுகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அங்கே தந்தை குடித்தாலும் அது 'குடும்பச் சூழல்' என்று எவரும் எழுதுவதில்லை.

மற்றோர் அலுவலர் அதே வீட்டுக்கு மாலை ஏழு மணிக்குப் போகிறார், தாய் வேலையிலிருந்து திரும்பியிருக்கும் நேரம் பார்த்து. அவள் அசோக் விகாரில் மூன்று வீடுகளில் வேலை செய்பவள். தந்தையின் வலக்கை அழுத்த எந்திரத்தில் நசுங்கியதும், இழப்பீடு கிடைக்காததும், அதற்குப் பின்னரே அவர் குடிக்கத் தொடங்கியதும் தெரியவருகின்றன. பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஊரிலிருந்து வராததால் சிறுவன் இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர இயலவில்லை. பட்டறை உரிமையாளர் இரண்டு மாதக் கூலியைத் தரவில்லை. அடுத்த சந்தில் அத்தை இருக்கிறாள். பகலில் பார்த்துக்கொள்ள அவள் அணியம். இத்தனையையும் எழுதினால் அதே குழுமம் அச்சிறுவனை அலுவலரின் மேற்பார்வையில் வீட்டுக்கு அனுப்புவதற்குத் தக்க காரணம் கிடைக்கும்.

இந்த இரண்டாவது அறிக்கையை இரக்கத்தில் எழுந்தது என்று கருதுவது தவறு. இதில் கூடுதலாக இருப்பது விவரம். அந்த விவரத்துள் மற்றொரு குற்றம் வெளிப்படுவதையும் கவனிக்க வேண்டும். குழந்தையை வேலைக்கு வைத்து அதன் கூலியைப் பிடித்தம் செய்து வைத்திருப்பவருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க அதே சட்டத்தின் 79ஆம் பிரிவு இடம் தருகிறது. 18 வயதுக்குட்பட்டோரை அபாயகரமான வேலைகளில் ஈடுபடுத்துவதை 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. புகார்தாரரே குற்றவாளியாக நிற்கும் இடம் இது. அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டால் அவர் 'சொத்தைப் பறிகொடுத்த அப்பாவி' ஆகிவிடுகிறார்.

இளம் மார்க்ஸ் 1842இல் 'ரைனிஷ் சைட்டுங்' இதழில் எழுதிய விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைகளைத் தோழர்கள் அறிவார்கள். காட்டில் விழுந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கிய சட்டத்தைப் பற்றிய விவாதமே அவரைப் பொருளியல் ஆய்வை நோக்கித் திருப்பியது. வசீர்பூரின் செப்புக் கம்பிக்கும் அந்தச் சுள்ளிக்கும் இடையே தூரம் அதிகமில்லை.

வயதைப் பற்றியும் ஒரு சொல். 94ஆம் பிரிவின்படி பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று முதலில் பார்க்கப்பட வேண்டும். அது இல்லையெனில் உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே எலும்பு முதிர்ச்சிப் பரிசோதனை. ஆதார் அட்டை பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்சநீதிமன்றம் 2024இல் கூறியுள்ளது. இருப்பினும் காவல்நிலையத்தில் 19 என்று ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால் சிறுவன் நேரே சிறைக்குப் போகிறான். 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில் பெரியவர்களின் சிறைகளில் தவறாக அடைக்கப்பட்டிருந்த குழந்தைகள் குறைந்தது 9,681 பேர் என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே திரட்டி 2024இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு கூறியது. பீகாரின் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் பேசிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலைப் பெறும் எளிய செயல் ஓர் இளைஞனின் பல ஆண்டுகளைக் காப்பாற்றும்.

இந்தப் பணி எங்கிருந்து வந்தது?

1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் குடிகாரர் என்ற குற்றச்சாட்டின்பேரில் நிறுத்தப்பட்ட ஒருவருக்குத் தன் சொந்தப் பொறுப்பில் பிணை நின்றவர் ஜான் அகஸ்டஸ் என்ற காலணி செய்பவர். வாழ்நாளில் ஏறத்தாழ 1,900 பேருக்கு அவர் இவ்வாறு பிணை நின்றார். நன்னடத்தைக் கண்காணிப்பு என்ற கருத்து அங்கே பிறந்ததாகவே வரலாறு எழுதுகிறது. நீதியரசர்களும் சிறை அதிகாரிகளும் கண்டுபிடிக்காத ஒன்றைக் கைத்தொழில் செய்தவர் கண்டுபிடித்தார்.

இந்தியாவில் காலனி ஆட்சி இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தது. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1897இல் அதற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், அந்தச் சமூகங்களின் நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிச் சீர்திருத்தக் குடியிருப்புகளில் வைக்க வழி செய்தது. 1952இல் அச்சட்டம் ஒழிந்தது. அதன் நிழல் இன்னும் ஒழியவில்லை என்பதை மத்தியப் பிரதேசத்தின் பார்தி மக்களிடம் கேட்டால் சொல்வார்கள். திருட்டு எங்கே நடந்தாலும் முதலில் அவர்களது குடியிருப்பைத்தான் காவல்துறை தட்டுகிறது. 'அக்கம்பக்கம் குற்றப் பின்னணி கொண்டது' என்று இன்றைக்கு ஓர் அலுவலர் எழுதும்போது அவரது பேனாவை 1871தான் நகர்த்துகிறது.

குழந்தைகள் சட்டம் என்ற பெயரில் தனிச் சட்டம் முதலில் வந்தது 1920இல், சென்னை மாகாணத்தில். பின்னர் வங்கமும் பம்பாயும் பின்பற்றின. 1958இல் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1986இலும் 2000இலும் இளைஞர் நீதிச் சட்டங்கள் என்று படிப்படியாக இன்றைய ஏற்பாடு உருவாயிற்று.

கேரளத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். 1957இல் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த அமைச்சரவையில் சட்டம், சிறை உள்ளிட்ட துறைகளைப் பொறுப்பேற்றவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். பின்னாளில் உச்சநீதிமன்ற நீதிபதியாகச் சிறைவாசிகளின் உரிமைகளுக்காக அவர் அளித்த தீர்ப்புகள் பலரும் அறிந்தவை. அவர் பிறந்த நவம்பர் 15ஆம் நாளைக் கேரள அரசு நன்னடத்தைக் கண்காணிப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. சட்டத்துக்கு முரண்பட்ட சிறாருக்காக, பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு அங்கே தொடங்கப்பட்ட 'காவல்' திட்டம், சிறுவனை இல்லத்தில் அடைக்காமல் அவனது குடும்பத்திலும் பள்ளியிலும் வைத்தே உளவியல், சமூக ஆதரவு தருவதை நோக்கமாகக் கொண்டது. ஒரு மாநில அரசு விரும்பினால் இதே சட்டத்துக்குள் எவ்வளவு செய்யலாம் என்பதை அது காட்டுகிறது.

சோவியத் அனுபவத்தையும் மறக்கலாகாது. 1918 ஜனவரியில், புரட்சி முடிந்து மூன்று மாதங்களுக்குள், 17 வயதுக்குட்பட்டோருக்கு நீதிமன்றமும் சிறையும் கிடையாது என்று ஆணை பிறந்தது. உள்நாட்டுப் போரில் பெற்றோரை இழந்து திரிந்த சிறுவர்களைக் கொண்டு 1920இல் பொல்தாவா அருகே கார்க்கி பெயரிலான குடியிருப்பை அந்தோன் மகரென்கோ உருவாக்கினார். வந்து சேரும் சிறுவர்களின் பழைய குற்றக் கோப்புகளைப் படிப்பதையே அவர் நிறுத்திவிட்டார். பின்னர் 1935இல் அதே நாட்டில் 12 வயதினர் வரை குற்றவியல் தண்டனை நீட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதனையைச் சொல்லும் வாய் பின்னடைவையும் சொல்வதே நேர்மை.

கடந்த காலத்தைப் படிக்க மறுத்த மகரென்கோவுக்கும், கடந்த காலத்தைத் தேடி எழுதக் கடமைப்பட்ட நன்னடத்தை அலுவலருக்கும் முரண்பாடு இல்லையா என்று தோழர்கள் கேட்கலாம். உண்டு. சிறுவனோடு பழகும் ஆசிரியர் அவன் கோப்பை மறந்துவிடலாம். தீர்ப்பு எழுதப்போகும் குழுமத்தின் முன் அவனுக்காகப் பேசவேண்டிய அலுவலர் அந்தக் கோப்பில் காவல்துறை எழுதாததை எழுதியாக வேண்டும்.

2015 சட்டத்தின் முள்

2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடூரம் நாட்டையே உலுக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவன் சிறுவன். சிறார் வயது வரம்பை 18இலிருந்து குறைக்க வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தபோது, நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் அதனை ஏற்க மறுத்தது. எனினும் மோடி அரசு 2015இல் கொண்டுவந்த சட்டத்தின் 15ஆம் பிரிவு, குறைந்தபட்சம் ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி திறந்தது. 2015 டிசம்பர் 22 அன்று மாநிலங்களவையில் அம்மசோதாவைத் தேர்வுக் குழுவின் பரிசீலனைக்கு அனுப்பக் கோரிய மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர்கள், கோரிக்கை ஏற்கப்படாத நிலையில் வெளிநடப்புச் செய்தனர். அன்று அது மக்களிடையே செல்வாக்குத் தரும் நிலைப்பாடாக இருக்கவில்லை.

இந்தப் பிரிவு நடைமுறையில் எங்கே பாய்கிறது? 17 வயது இளைஞனும் 16 வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டைவிட்டுச் செல்கின்றனர். பெண் வீட்டார் புகார் தருகின்றனர். போக்சோ சட்டத்தின்கீழ் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டு. அப்பெண் 16 வயது நிரம்பாதவளாயின் இருபதாண்டு. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது கொடுங்குற்றம். இளைஞன் தலித்தாகவும் பெண் ஆதிக்கச் சாதிக் குடும்பத்தைச் சேர்ந்தவளாகவும் இருந்துவிட்டால் புகாரின் உள்நோக்கம் என்ன என்பதை ஊரே அறியும். கோப்பு மட்டும் அறியாது. பெரியவராக விசாரிக்கலாமா என்ற முதல்கட்ட மதிப்பீட்டில் குற்றம் நிகழ்ந்த சூழ்நிலையையும் குழுமம் கணக்கில் கொண்டாக வேண்டும். அச்சூழ்நிலையைக் குழுமத்தின் கண்முன் வைக்கும் கடமை சமூக விசாரணை அறிக்கைக்கு உண்டு. சாதியை எழுதத் துணியும் அலுவலர் இல்லையென்றால் அந்த இளைஞனின் வாழ்வு அங்கேயே முடிகிறது. மெய்யான வன்கொடுமையைக் காதல் என்று பூசி மெழுகும் குடும்பங்களும் உண்டு என்பதை அதே அலுவலர் மறக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் சொல்லைக் கேட்காமல் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

2024 மே 19 அன்று புனே நகரில் விலையுயர்ந்த காரை ஓட்டிய 17 வயதுச் சிறுவனால் இருவர் உயிரிழந்த நிகழ்வு நினைவிருக்கும். பெரும் கட்டுமான வணிகக் குடும்பம். சில மணி நேரத்தில் பிணை. 300 சொற்களில் சாலை விபத்து பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனை. பின்னர் ரத்த மாதிரி மாற்றப்பட்டதாக வழக்கு, மருத்துவர்கள் கைது. மக்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை 'சிறார் சட்டத்தையே ஒழி' என்ற திசையில் திருப்பிவிட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சட்டம் ஒழிந்தால் அந்தக் குடும்பத்துக்கு எந்த நட்டமும் இல்லை. மூத்த வழக்கறிஞர்கள் அவர்களுக்கு எப்போதும் கிடைப்பார்கள். வசீர்பூர்ச் சிறுவன்தான் சிறைக்குப் போவான். பணக்கார வீட்டுச் சிறுவனுக்குச் சில மணி நேரத்தில் கிடைத்த பிணை ஏழைச் சிறுவனுக்கு ஏன் ஏழு மாதமாகியும் கிடைக்கவில்லை என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. பிணை நிபந்தனையை ஏழு நாட்களுக்குள் நிறைவேற்ற இயலாத சிறுவனை மீண்டும் குழுமத்தின் முன் நிறுத்தி நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. அதை நினைவூட்ட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இருக்கிறாரா?

ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர். முப்பது, நாற்பது லட்சம் மக்கள் வாழும் மாவட்டத்துக்கும் ஒருவரே. ஒப்பந்தப் பணி. தொகுப்பூதியம் மாதம் 27,804 ரூபாய். அவருக்குக் கீழே களத்தில் அலையும் புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற அச்சத்தில் இருக்கும் ஒருவர், காவல்துறை எழுதிய வயது தவறு என்று எழுதத் துணிவாரா? உள்ளூர்ச் செல்வந்தரின் பட்டறையில் குழந்தைத் தொழிலாளர் இருக்கின்றனர் என்று எழுதுவாரா? ஒப்பந்தமுறை என்பது சம்பளம் தொடர்பான சிக்கல் மட்டுமன்று, அறிக்கையின் உள்ளடக்கத்தையே அது தீர்மானிக்கிறது.

2025-26 ஒன்றிய வரவு-செலவுத் திட்டத்தில் மிஷன் வாத்சல்யாவுக்கு ஒதுக்கப்பட்டது 1,500 கோடி ரூபாய். மொத்தச் செலவினத்தில் நூறு ரூபாய்க்கு மூன்று காசு. சம்பூர்ணா பெகுரா வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இளைஞர் நீதிக் குழுமங்களின் காலியிடங்களை நிரப்பப் பணித்தது. 2025 நவம்பரில் வெளியான இந்திய நீதி அறிக்கையின் ஆய்வோ, 362 குழுமங்களில் பாதிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பதைக் காட்டியது. நான்கு மாதங்களில் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். பதினாறு வயதுச் சிறுவனுக்கு இரண்டு ஆண்டு என்பது என்ன? அவனது பள்ளிப் பருவமே முடிந்துவிடுகிறது.

அரசு இயந்திரத்தின் ஓர் உறுப்பாக, அதுவும் கண்காணிக்கும் உறுப்பாகப் போய் அமர்வது சரியா என்ற ஐயம் சில தோழர்களுக்கு உண்டு. ஐயம் ஆரோக்கியமானது, அதனைக் கைவிடாமலேயே அங்கு போக வேண்டும். வீட்டுக்கு வரும் அலுவலரை அந்தத் தாய் முதலில் காவல்துறையின் ஆளாகவே பார்ப்பாள். அது நியாயமான பார்வை. ஆனால் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் குழுமத்தின் முன் காவல்துறையின் தாள் மட்டுமே இருக்கும். ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் அரசின் ஊதியம் பெற்றுக்கொண்டே இயக்கத்தைக் கட்டினார்கள் அல்லவா?

செய்ய வேண்டியவை

ஒப்பந்தப் பணியிடத்துக்குச் சட்டப் பட்டமும், பெண்கள், குழந்தைகள் உரிமைத் துறையில் இரண்டாண்டு அனுபவமும் கேட்கப்படுகின்றன. அறிவிக்கை மாவட்ட இணையதளத்தில் வெளியாகும். விண்ணப்பிக்கச் சில வாரங்களே அவகாசம் இருக்கும் என்பதால் தொடர்ந்து கவனித்துவர வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றன. உத்தரப் பிரதேசத்தில் மாவட்ட நன்னடத்தை அலுவலர் என்பது மாநிலத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வு வழியே நிரப்பப்படும் பதவி. தில்லியில் சார்நிலைப் பணியாளர் தேர்வு வாரியம் நலவாழ்வு அலுவலர் பதவியோடு சேர்த்துத் தேர்வு நடத்துகிறது. சமூகப்பணி, சமூகவியல், குற்றவியல் படித்தவர்களுக்கு அது உரியது. குழுமத்தின் விசாரணை பொதுமக்கள் பார்வைக்கு உரியதன்று. ஆகவே அனுபவம் பெற விரும்புவோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்ட உதவித் தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்வது ஏற்ற வழி. படித்துத் தேற வேண்டியவை 2015 சட்டமும் 2016 மாதிரி விதிகளும். குறிப்பாக எட்டாவது விதி: கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாத நிலையில் சிறார் மீது முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது. இது தெரியாத காவல்நிலையங்கள் ஏராளம்.

பணியில் சேர்பவரைத் தனித்து விடலாகாது. ஒப்பந்தப் பணியாளர்களைச் சங்கமாகத் திரட்டும் பொறுப்பு தொழிற்சங்க அரங்கத்தினுடையது. நன்னடத்தை அலுவலர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, கடந்த ஆண்டு 15 நாட்களுக்குள் அளிக்கப்பட்ட அறிக்கைகள் எத்தனை, தாமதமானவை எத்தனை என்ற நான்கு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் கேட்டுப் பெறலாம். பத்து ரூபாய்க் கட்டணம்.

தாராவியிலும் பெங்களூரின் குடிசைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் மராத்தியிலும் கன்னடத்திலும் எழுதப்படும் தாள்களின் முன் நிற்கின்றனர். திருப்பூரில் ஒடியா, போஜ்புரி பேசும் சிறுவர்களின் நிலையும் அதுவே. மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றை மாவட்ட அலகு வைத்திருக்க விதிகளில் இடம் உண்டு. இரு மொழி அறிந்த தோழர்கள் வேலை தேடும் முன்பே அந்தப் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை.